நோன்புக் கஞ்சியும் அடுப்படிக் கேள்விகளும்

ரமலான் பிறை தெரிவதற்கு நாலு நாள் முன்னாலிருந்தே என் போனுக்கு ஓய்வு இருக்காது. புதிதாகக் கல்யாணமான சொந்தக்காரப் பெண்கள், வேலைக்காக வெளியூரில் தங்கியிருக்கும் தம்பிகள், எதிர்வீட்டு அக்கா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். கேட்பதில் பாதி சமையல், பாதி மனசு. இரண்டையும் பிரித்துப் பதில் சொல்ல எனக்கு வராது, அதனால் கலந்தே எழுதி வைத்திருக்கிறேன். மார்க்கச் சட்டம் வரும் இடங்களில் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பொதுவாகச் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறேன். உங்கள் நிலைமை கொஞ்சம் சிக்கலானது என்றால் உங்கள் மஹல்லா (ஊர்ப்பகுதி) ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கஞ்சி என்றால் காய்ச்சல்காரர் குடிப்பதுதானே? இதில் என்ன விசேஷம்?

எதிர்வீட்டு அக்கா முதல் வருஷம் கேட்டது இது. குடித்த பிறகு கேட்கவில்லை.

நோன்புக் கஞ்சி வெறும் அரிசிக் கஞ்சி இல்லை. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, கொஞ்சம் கொத்துக்கறி, புதினா, கடைசியில் தேங்காய்ப்பால். பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் காலியாகக் கிடந்த வயிற்றில் முதலில் போவது இளஞ்சூடாக, மெல்ல வேண்டிய அவசியமில்லாமல், உப்பும் தண்ணீரும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதற்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் நம் பக்கத்தில் கிடையாது. இலங்கையிலும் இதே கஞ்சி உண்டு, ரம்பை இலை வாசம் தூக்கலாக இருக்கும். மலேசியாவில் இதன் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி புபுர் லம்புக். கோலாலம்பூர் கம்போங் பாரு பள்ளிவாசலில் அதை வாங்க வரிசை நிற்கும்.

லாத்தா (அக்கா), குக்கரில் செய்கிற மாதிரி சுலபமாகச் சொல்லுங்கள்.

நான்கைந்து பேருக்கான அளவு. டம்ளர் என்பது 200 மில்லி டம்ளர்.

பச்சரிசி நொய் ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன். மூன்றையும் கழுவி அரை மணி நேரம் ஊற வைத்துவிடுங்கள். நொய் கிடைக்கவில்லை என்றால் பச்சரிசியை மிக்சியில் இரண்டு சுற்று விட்டு எடுத்தால் போதும்.

ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு ஏலக்காய், ரம்பை இருந்தால் விரல் நீளம். ஒரு பெரிய வெங்காயத்தைப் போட்டு வதக்குங்கள், சிவக்க வேண்டாம். இஞ்சி பூண்டு விழுது இரண்டு டீஸ்பூன், கீறிய பச்சைமிளகாய் இரண்டு, ஒரு தக்காளி, ஒரு கைப்பிடி புதினா. தக்காளி குழைந்ததும் 100 கிராம் கொத்துக்கறி, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள். கறியைக் கட்டியில்லாமல் உடைத்து நிறம் மாறும்வரை கிளறுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கஞ்சியில் கறி உருண்டை உருண்டையாக மிதக்கும்.

அப்புறம் எட்டு டம்ளர் தண்ணீர், ஊறியதெல்லாம் உள்ளே, அளவாக உப்பு. ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிஷம். ஆவி தானாக அடங்கட்டும். கஞ்சி வைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அரிசியும் பருப்பும் நுரைத்து விசில் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு வருஷம் நான் மூன்று லிட்டர் குக்கரில் இந்த அளவை வைத்தேன். அடுப்படிச் சுவரில் பெருநாள் வரைக்கும் கஞ்சிக் கோலம் இருந்தது.

திறந்து மத்தால் இரண்டு கடை கடையுங்கள். ஒரு டம்ளர் தேங்காய்ப்பால் விட்டு, சிறு தீயில் ஓரத்தில் குமிழ் வர ஆரம்பித்ததும் அணைத்துவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்துபோகும். மேலே மல்லித்தழை.

கறி இல்லாமல் வருமா?

தாராளமாக. கேரட், பட்டாணி போடுங்கள், தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கூட்டுங்கள். மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் எப்போதுமே அதுதான்.

எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் பள்ளிவாசல் கஞ்சி மாதிரி வரவில்லையே?

வராது. மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அங்கே கஞ்சி வேகும் அண்டாவில் ஒரு ஆள் உட்காரலாம். விறகடுப்பில் மணிக்கணக்காக, துடுப்பு மாதிரி கரண்டியால் ஆள் மாற்றி ஆள் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கிண்டலில்தான் நொய் உடைந்து கரைந்து, அரிசி எது பருப்பு எது என்று தெரியாமல் ஒன்றாகிறது. அண்டாவின் சூடு இறங்கவும் நேரமாகும், அதனால் இறக்கிய பிறகும் உள்ளே வெந்துகொண்டிருக்கும். குக்கருக்கு அந்தப் பொறுமை கிடையாது. கொஞ்சம் கிட்டே போக வேண்டுமென்றால் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்துக்கு முன்பே சமைத்து முடித்து, மூடி வைத்து, நோன்பு திறக்கும் நேரத்தில் வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள்.

சுவையில் இன்னொரு பங்கும் இருக்கிறது. அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு ஓடி, வரிசையில் நின்று, கைப்பிடி சுடச் சுட வீட்டுக்குக் கொண்டுவந்த கஞ்சி அது. தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென்று பச்சரிசி ஒதுக்குகிறது. மீதி ஊர்க்காரர்கள் கொடுப்பது: இன்றைய கறி இன்னார் வீடு, நாளைய தேங்காய் இன்னார் கடை. 2020 ரமலானில் ஊரடங்கு. பள்ளிவாசலில் அண்டா ஏறவில்லை. எங்கள் தெருவில் அந்த வருஷம் எல்லா வீட்டிலும் கஞ்சி இருந்தது, ஆனால் எல்லாரும் "என்னமோ குறையுது" என்றுதான் சொன்னார்கள்.

நோன்போடு உப்பு பார்க்கலாமா?

தேவை இருந்தால் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்து, விழுங்காமல் துப்பிவிடலாம் என்பது பெரும்பாலான உலமாக்கள் சொல்வது. தேவையில்லாமல் செய்வது விரும்பத்தக்கதல்ல. நான் பார்ப்பதில்லை. மார்க்கக் காரணம் ஒன்றுமில்லை, எனக்கு என்மேல் நம்பிக்கையில்லை, அவ்வளவுதான். உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, நோன்பு திறக்கும்போது தஸ்தர்கானில் (சாப்பாட்டு விரிப்பில்) உப்புக் கிண்ணத்தை வைத்துவிடுவேன்.

வடை சுடும்போது மறந்து ஒன்றை வாயில் போட்டுவிட்டேன். பாதி மென்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. நோன்பு போச்சா?

போகவில்லை. ஞாபகம் வந்த நொடியில் துப்பிவிட்டு நோன்பைத் தொடருங்கள். மறந்து உண்டவரும் பருகியவரும் நோன்பை முழுமையாக்கட்டும், அவருக்கு அல்லாஹ்தான் உணவளித்தான் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. அதாவது அந்த அரை வடை உங்களுக்கு வந்த விருந்து. இதற்குப் போய் அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

அஸரிலிருந்து மஃரிப் (நோன்பு திறக்கும் அந்தி நேரம்) வரை அடுப்படியிலேயே போய்விடுகிறது. வீட்டு ஆண்கள் குர்ஆன் ஓதிக்கொண்டிருக்க, நான் சமோசா மடித்துக்கொண்டிருக்கிறேன். ரமலான் முழுக்க எனக்கு என்ன மிஞ்சியது என்று தோன்றுகிறது.

இந்தக் கேள்வி வராத வருஷம் இல்லை. கேட்டவள் வயது ஒரு வருஷம் 22, இன்னொரு வருஷம் 60.

இதற்கு எல்லாரும் எடுத்துச் சொல்லும் ஹதீஸ் ஒன்று உண்டு. நோன்பாளிக்கு நோன்பு திறக்க உணவளிப்பவருக்கு அவரைப் போன்றே நன்மை, நோன்பாளியின் நன்மையில் எதுவும் குறையாது. திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அழகான செய்திதான். ஆனால் இதைச் சொல்லியே பெண்களை ஏழு வகைப் பலகாரம் சுட வைத்துவிடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பேரீச்சம்பழத்தால், அதுவும் இல்லையென்றால் சில மிடறு தண்ணீரால் நோன்பு திறந்தவர் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம். வாடா, சமோசா, பஜ்ஜி, கட்லெட், கடல்பாசி, ரோஸ் மில்க் எல்லாம் ஒரே தஸ்தர்கானில் இருந்தால்தான் நோன்பு திறக்கும் என்று எந்தக் கிதாபிலும் (மார்க்க நூலிலும்) இல்லை.

வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்களின் மனைவி ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹாவிடம் கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்றார்கள். இதுவும் புகாரியில்தான் இருக்கிறது. இந்த ஹதீஸை உங்கள் வீட்டு ஆண்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். வெங்காயம் உரிக்க ஆள் கிடைக்கும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுச் சட்டம்: கஞ்சி, பேரீச்சம்பழம், ஒரு பழம், ஒரே ஒரு பலகாரம். வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு. சமோசாவெல்லாம் ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே மடித்து ஃப்ரீசரில் போய்விடும். இஞ்சி பூண்டு விழுது வாரத்துக்கு ஒரு தடவை. கஞ்சி கிண்டும் கைக்குத் துணையாக நாக்குக்கு வேலை கொடுங்கள். "ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி, ஸுப்ஹானல்லாஹில் அளீம்." நாவுக்கு இலேசானவை, தராசில் கனமானவை என்று சொல்லப்பட்ட வார்த்தைகள் இவைதான். ஒளுவோ (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது) முஸ்ஹஃபோ (குர்ஆன் பிரதி) இல்லாமலும் ஓதலாம். கஞ்சி அடிபிடிக்காமல் இருக்க எப்படியும் பத்து நிமிஷம் நின்று கிண்டத்தானே போகிறீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. மஃரிபுக்குப் பத்து நிமிஷம் முன்னால் அடுப்பை அணைத்துவிடுங்கள். நோன்பாளியின் துஆ (பிரார்த்தனை) தட்டப்படாத நேரம் அது. வருஷக்கணக்காக அந்தப் பத்து நிமிஷத்தில் நான் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றிருக்கிறேன், "சூடா சாப்பிட்டாத்தான் வடை" என்பதற்காக. இப்போது எங்கள் வீட்டில் வடை ஆறித்தான் இருக்கும். முதல் வாரம் முணுமுணுத்தார்கள், பழகிவிட்டது.

நோன்பு இல்லாத நாட்களில் அடுப்படிக்குள் ஒளிந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. ரமலானில் நான் மட்டும் வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறது.

மாதவிடாயில் நோன்பு வைக்காமல் இருப்பதும் கட்டளைக்குக் கீழ்ப்படிவதுதான். வைக்கச் சொன்னவன் சொல்லித்தான் விடுகிறோம். விட்ட நோன்பைப் பின்னால் களா செய்ய (ஈடுகட்ட) வேண்டும், விட்ட தொழுகையைச் செய்ய வேண்டியதில்லை. ஆயிஷா நாயகி சொன்னது அப்படித்தான். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் சலுகை இருக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்கலாம் என்று சொல்லும் இடத்திலேயே, அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே விரும்புகிறான், சிரமத்தை விரும்பவில்லை என்று குர்ஆன் சொல்கிறது (2:185).

ஒளிந்து சாப்பிடுவது பற்றி: வெட்கம் இருக்கலாம், பட்டினி கிடக்க வேண்டாம். ஒரு தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வளர்ந்த பிள்ளைகள் கேட்டால் "இன்னிக்கு எனக்கு நோன்பு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

உம்மா மௌத்தாகி (இறந்து) மூன்று மாதம் ஆகிறது, லாத்தா. இது முதல் நோன்பு. உம்மாவின் கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்தாலே அழுகை வருகிறது. அழுதால் நோன்புக்கு ஏதும் குறையா?

கண்ணீரால் நோன்பு முறியாது, தங்கச்சி. நபியவர்கள் தம் பிஞ்சு மகன் இப்ராஹீமை இழந்தபோது அழுதார்கள். கண் கண்ணீர் வடிக்கிறது, உள்ளம் துக்கப்படுகிறது, ஆனால் நம் இறைவன் பொருந்திக்கொள்வதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம் என்றார்கள். ஆக அழுவதற்கு அளவுகோல் நாக்குதான். கண்ணுக்குத் தடையில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய உணவு ஒன்று இருக்கிறது, கஞ்சி இல்லை, தல்பீனா என்ற பார்லிக் கூழ். ஆயிஷா நாயகியின் குடும்பத்தில் யாராவது இறந்தால் பெண்கள் கூடுவார்கள். வந்தவர்கள் கலைந்து, வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டும் மிஞ்சிய பிறகு, ஒரு சட்டியில் தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் செய்த ஸரீதின் மேல் அதை ஊற்றி, இதைச் சாப்பிடுங்கள் என்பார்கள். தல்பீனா நோயாளியின் உள்ளத்துக்கு இதமளிக்கும், துக்கத்தில் சிறிதைப் போக்கும் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதாகவும் சொல்வார்கள். இது புகாரியில் வருகிறது.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு இடம். ஒன்று, கூட்டம் கலைந்த பிறகு என்பது. வீடு நிறைய ஆள் இருக்கும்போது துக்கம் எங்கோ ஒதுங்கி நிற்கும். கடைசி ஆளும் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகுதான் அது வந்து பக்கத்தில் உட்காரும். ஆயிஷா நாயகி சட்டியை ஏற்றியது அந்த நேரத்தில். இன்னொன்று, சிறிதை என்ற சொல். முழுத் துக்கத்தையும் போக்கும் என்று சொல்லவில்லை. ஒரு கிண்ணக் கூழால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. மூன்று மாதமாகியும் தேறவில்லையே என்று உங்களைக் கேட்பவர்கள் இந்தச் சொல்லைக் கவனித்தால் நன்றாயிருக்கும்.

செய்முறை சின்னது. இரண்டு மேசைக்கரண்டி பார்லி மாவை முக்கால் டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் ஏழெட்டு நிமிஷம் கிண்டுங்கள். கெட்டியாக ஆரம்பித்ததும் அரை டம்ளர் பால் விட்டு இன்னும் இரண்டு நிமிஷம். இறக்கி, கொஞ்சம் ஆறியதும் தேன். கடைப் பார்லியை லேசாக வறுத்து மிக்சியில் அரைத்தால் மாவு தயார். சஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு) சாப்பிடுங்கள், வயிற்றிலும் நிற்கும்.

கஞ்சி இந்த வருஷம் உங்கள் அடுப்பில் வேண்டாமென்றால் வேண்டாம். நபியவர்களின் ஒன்றுவிட்ட சகோதரர் ஜஅஃபர் ரலியல்லாஹு அன்ஹு போரில் ஷஹீதான (உயிர்த்தியாகியான) செய்தி வந்தபோது, அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களுக்குக் கவனத்தைப் பறிக்கும் காரியம் வந்துவிட்டது என்று நபியவர்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரத்தைத் தூர வைக்காதீர்கள். இருபதாம் நோன்போ, அடுத்த வருஷமோ, கை தானாக அதைத் தேடும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. கஞ்சி குடிக்கலாமா?

நோன்பு வைக்கலாமா என்பதையே முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் கேட்டால்தான் மாத்திரை, ஊசி நேரங்களை மாற்றித் தர முடியும். குழைய வெந்த நொய் ரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றிவிடும். அரிசியைப் பாதியாக்கிப் பருப்பைக் கூட்டுங்கள், ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள், பேரீச்சம்பழம் ஒன்று போதும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும், மஃரிபுக்கு ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்றாலும், நோன்பை விட்டுவிடுங்கள். இதில் வீரம் வேண்டாம்.

சஹருக்கு?

தயிர்ச்சோறு, வாழைப்பழம், தண்ணீர். கருவாடு வேண்டாம், பகல் முழுக்கத் தாகம் எடுக்கும். எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீருமாவது. சஹரில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது.

வேலைக்கு வந்து தனியாக அறையில் இருக்கிறேன், லாத்தா. ஒரு ரைஸ் குக்கர்தான் இருக்கிறது. தனியாக நோன்பு திறக்கவே பிடிக்கவில்லை.

ரைஸ் குக்கரில் அருமையாக வரும், தம்பி. கால் டம்ளர் நொய், ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பு, நாலைந்து வெந்தயம், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் இஞ்சி, இரண்டரை டம்ளர் தண்ணீர், உப்பு. மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து முக்கால் மணி நேரம் விடுங்கள். கெட்டியானால் வெந்நீர். கடைசியில் பால் பவுடரைக் கரைத்து விட்டால் தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகும், உம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

தனிமைக்கு என்னிடம் செய்முறை இல்லை. ஆனால் ஒருவர் இருவராவது லேசான காரியம். இருவரின் உணவு மூவருக்குப் போதும், மூவரின் உணவு நால்வருக்குப் போதும் என்று ஹதீஸ் இருக்கிறது. அறைக்குப் பக்கத்து அறைக்காரர் நோன்பாளியாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

மாற்று மதத்தவருக்குக் கஞ்சி கொடுக்கலாமா?

எங்கள் தெருவில் இதை யாரும் கேட்பதே இல்லை. காய்ச்சல் பிடித்த பிள்ளைகளுக்கென்று கேட்டு வாங்கிப் போவார்கள். தம் தோழர் அபூதர் ரலியல்லாஹு அன்ஹுவிடம் நபியவர்கள் சொன்னது: குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டு, அண்டை வீட்டாரைக் கவனி. அண்டை வீட்டார் யார் என்று அதில் பிரிக்கவில்லை. கொடுப்பவர் ஏழை என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது பாருங்கள். கறியைக் கூட்டு என்று சொல்லவில்லை, தண்ணீரைத்தான்.

ஒரே விஷயம், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் கறி போடாமல் செய்து, அதைச் சொல்லியே கொடுங்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் போகும். எங்கள் தூக்கு அங்கிருந்து காலியாக வந்ததே இல்லை. ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் கொழுக்கட்டை.

மீந்த கஞ்சியை என்ன செய்வது?

தேங்காய்ப்பால் சேர்த்த கஞ்சி வெளியில் இருந்தால் சீக்கிரம் புளித்துவிடும். தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகைக்குப் போகும் முன்பே அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அது களி மாதிரி இறுகியிருக்கும், பயப்பட வேண்டாம். வெந்நீர் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்தால் இளகும். ஒரு தடவைக்கு மேல் சூடு செய்யாதீர்கள். நாளை மீதமாகும் என்று இன்றே தோன்றினால் தேங்காய்ப்பால் விடுவதற்கு முன்னாலேயே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அந்தப் பங்கு சஹர் வரை தாங்குவதில்லை. தராவீஹ் முடிந்து வரும் சின்னவன் நேராக ஃப்ரிட்ஜுக்குத்தான் போவான்.